பிள்ளை குழம்பாது

பாளையங்கோட்டையில் பிள்ளையை எல்.கே.ஜி.யில் சேர்த்த எந்தத் தாயும் இந்த அறிவுரையிலிருந்து தப்பியிருக்க முடியாது: “வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்கம்மா. ரெண்டையும் போட்டுப் பேசுனா பிள்ளைக்குக் கொழம்பிரும்லா.” சொல்பவர் வகுப்பு மிஸ். பேச்சு சற்றுத் தாமதப்பட்ட பிள்ளையாக இருந்துவிட்டால் மருத்துவரும் இதையே சொல்கிறார். அப்போது அறிவுரைக்கு மருந்துச் சீட்டின் மதிப்பு வந்துவிடுகிறது. சொந்தக்காரர்கள் வழிமொழிகிறார்கள். அன்றிலிருந்து ஆச்சி பேரனிடம் வாய் திறக்கும்போதெல்லாம் மருமகளின் முகத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒன்றுக்கு மேற்பட்ட மொழி குழந்தையின் படிப்பைக் கெடுக்கும் என்ற இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. ‘இரு தரப்பிலும் நியாயம் உண்டு’ என்று நடுவில் நின்று எழுதினால் மரியாதையாக இருக்கும்தான். ஆனால் ஒரு தரப்பில் நியாயம் இல்லாதபோது அப்படி எழுதுவது சோம்பேறித்தனம்.

முதலில் ஊரைப் பார்ப்போம். தாமிரபரணிக் கரையில் ஒரே மொழியோடு வளர்ந்த பிள்ளை எங்கே இருக்கிறது? வீரவநல்லூரின் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். சௌராஷ்டிரம் குஜராத்திக்கும் மராத்திக்கும் உறவான மொழி. தமிழோடு அதற்குக் குடும்ப உறவே இல்லை. அந்தத் தெருப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இரண்டையும் பேசிக்கொண்டேதான் தறி வேலையும் பள்ளிப் பாடமும் கற்றிருக்கிறார்கள். மேலப்பாளையத்தில் மதரஸாவுக்குப் போகும் பிள்ளை அரபி எழுத்தை வலமிருந்து இடமாக ஓதிவிட்டு, பள்ளியில் தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. தமிழையே அரபி எழுத்தில் எழுதிவைத்த அரபுத்தமிழ் மரபும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குத் தெற்கே காயல்பட்டினம் அதற்குப் பெயர் பெற்ற ஊர். பாபநாசத்துக்கு மேலே காணிக் குடியிருப்புகளில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் நடுவே நிற்கிற ஒரு பேச்சு வழங்குகிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்தது. அதுவரை அங்கே வீட்டுக்குத் தமிழ், சர்க்கார் காரியத்துக்கு மலையாளம் என்று வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ.

‘எங்க வீட்ல தமிழ் மட்டுந்தான்’ என்பவர்களும் தப்ப முடியாது. ‘அவிய வந்தாவ’ என்று வீட்டில் சொல்கிற பிள்ளை, பள்ளியில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று எழுத வேண்டும். ஒலி வேறு, விகுதி வேறு, பாதிச் சொற்கள் வேறு. பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள தூரம், தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் சில ஐரோப்பிய மொழிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அதிகம். அந்த இடைவெளியை ஆறு வயதுப் பிள்ளைகள் தினமும் தாண்டுகிறார்கள். அதற்கு யாரும் குழப்பம் என்று பெயர் வைப்பதில்லை. ஆங்கிலத்தின் பக்கத்தில் தமிழ் நிற்கும்போது மட்டும் பிள்ளை குழம்பிவிடுமாம்.

வீட்டில் வேறு மொழி இருந்தால் பள்ளி மொழி வராது என்பவர்கள் இடைசெவலுக்கு ஒருநாள் போய்வரலாம். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம். அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம். 1923 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில், அங்கே இரண்டு பேர் பிறந்தார்கள். ஒருவர் கி. ராஜநாராயணன், இன்னொருவர் கு. அழகிரிசாமி. இருவர் வீட்டிலும் தெலுங்கு. அழகிரிசாமி தமிழ்ச் சிறுகதையின் உச்சங்களில் ஒருவரானார். அவருடைய ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கு 1970இல் சாகித்திய அகாதமி விருது வந்தபோது அவர் உயிரோடு இல்லை. கி.ரா. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவர். கரிசல் வட்டாரத் தமிழுக்கு அகராதி போட்டவர் அவர்தான். தெலுங்கு வீட்டிலிருந்து வந்த மனிதர். தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே குடியேறிய கதையைத் தமிழில் எழுதினார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் அதே விருதைப் பெற்றது. ஒரே சின்ன ஊர், ஒரே மாதம், தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள் இருவர், நவீனத் தமிழ் உரைநடையின் இரண்டு தூண்கள். தோப்பில் முஹம்மது மீரானையும் சேர்த்துக்கொள்ளலாம்: தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, மலையாள வழியில் படித்து, திருநெல்வேலியில் வாழ்ந்து, 2019இல் இங்கேயே மறைந்தவர். ‘சாய்வு நாற்காலி’ எந்த மொழி நாவல் என்று யாரும் சந்தேகப்படப்போவதில்லை.

‘இவர்களெல்லாம் விதிவிலக்கு, மேதைகள்’ என்ற பதில் வரும். வரட்டும். வீட்டு மொழி ஒரு தடை என்று சொன்னவர்கள்தான் அந்தத் தடை இவர்களிடம் எங்கே போயிற்று என்று விளக்க வேண்டும். சாதாரணப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் அதற்கு நூறு வருட ஆராய்ச்சி இருக்கிறது. அதன் கதை சுவையானது, கொஞ்சம் அசிங்கமானதும்கூட.

1923இல் டி. ஜே. சேயர் என்பவர் வேல்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தினார். வெல்ஷும் ஆங்கிலமும் பேசிய பிள்ளைகள் ஆங்கிலம் மட்டும் பேசியவர்களைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தார்கள். இரண்டு மொழி மூளையைக் குழப்புகிறது என்று முடிவு கட்டப்பட்டது. ஆனால் அவருடைய கணக்கிலேயே அந்த வித்தியாசம் நாட்டுப்புறப் பிள்ளைகளிடம்தான் இருந்தது. நகரத்து இருமொழிப் பிள்ளைகளிடம் காணோம். மொழி காரணமென்றால் நகரத்தில் அது ஏன் வேலை செய்யவில்லை? குடும்பத்தின் வசதி என்ன, பள்ளியின் தரம் என்ன என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாப் பழியையும் வெல்ஷ் மொழியின் தலையில் கட்டிவிட்டார்கள். மூன்று வருடம் கழித்து அமெரிக்காவில் ஃபுளோரன்ஸ் குட்எனஃப், குடியேறிகளின் பிள்ளைகள் சோதனையில் பின்தங்குவதற்கு வீட்டில் அந்நிய மொழி பேசுவதே முக்கியக் காரணங்களில் ஒன்று என்று எழுதினார். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய ஏழைகளின் மேல் அமெரிக்காவுக்கு இருந்த அச்சம் அறிவியலாக வேஷம் கட்டிய காலம் அது. இன்று நம் பள்ளி அறையில் மிஸ் சொல்லும் வாக்கியத்தின் பூர்வீகம் இதுதான்.

1962இல் மாண்ட்ரியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் பத்து வயதுப் பிள்ளைகளை, குடும்ப வசதியைச் சமமாக்கி, இரண்டு மொழியும் உண்மையிலேயே நன்றாகப் பேசுபவர்களா என்று பார்த்து, ஒப்பிட்டார்கள். இருமொழிப் பிள்ளைகள் பின்தங்கவில்லை. பல சோதனைகளில் முந்தினார்கள். நமக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒடிசாவிலிருந்து வந்தது. கோந்து பழங்குடியினரில் சில பகுதியினர் குயி மொழியை இழந்து ஒடியா மட்டும் பேசுகிறார்கள். வேறு சில பகுதியினர் குயியையும் ஒடியாவையும் சேர்த்துப் பேசுகிறார்கள். ஒரே சமூகம், ஒரே வறுமை, மொழியில் மட்டும் வேறுபாடு. ஓர் ஆராய்ச்சியாளன் தவம் இருந்தாலும் இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. அஜித் மொஹந்தி இந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குயியை விட்டுவிட்டவர்களுக்கு அதனால் எந்த ஆதாயமும் வரவில்லை. இரண்டும் பேசியவர்கள், மொழியையே ஒரு பொருளாக எடுத்து யோசிக்கும் திறனில் மேலாக இருந்தார்கள்.

இங்கே ஓர் இடைமறிப்பு. ‘இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகும்’ என்று வாரமலர்களில் வரும் துணுக்கையும் நான் நம்பச் சொல்லவில்லை. 2004இல் எலன் பியாலிஸ்டாக் குழுவினர் கவனத்தைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் இருமொழியாளர்களுக்கு அதிகம் என்று ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். கனடாவின் ஆங்கிலம் மட்டும் பேசுபவர்களோடு அதில் ஒப்பிடப்பட்டவர்கள் இந்தியாவில் வாழ்ந்த தமிழ்–ஆங்கில இருமொழியாளர்கள். நமக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு பலர் அதே மாதிரிச் சோதனைகளைச் செய்துபார்த்தபோது அந்த ஆதாயம் பல இடங்களில் தென்படவில்லை. சாதகமான முடிவுகளே அதிகம் அச்சேறின என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து, இருமொழியாளர்களுக்கு நோய் நாலரை ஆண்டுகள் தள்ளி வந்ததாக 2013இல் சொன்னார்கள். எழுத்தறிவில்லாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. மதிக்க வேண்டிய ஆய்வு. ஆனால் அது முதுமையைப் பற்றியது, எல்.கே.ஜி.யைப் பற்றியது அல்ல. என் வாதத்துக்குக் கூர்மை தேவையில்லை. கேடு இல்லை என்பது போதும்.

செலவு எதுவுமே இல்லையா? இருக்கிறது, சின்னதாக. இரண்டு மொழியில் வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு மொழியிலும் தனியாக எண்ணினால் சொற்கள் கொஞ்சம் குறைவாக இருக்கும். இரண்டையும் கூட்டினால் சரியாக வந்துவிடும். சமையலறைச் சொற்கள் தமிழிலும் வகுப்பறைச் சொற்கள் ஆங்கிலத்திலும் குவிவது இயற்கை. ஒரு மொழியில் மட்டும் சோதித்துவிட்டுப் ‘பிள்ளைக்கு வார்த்தை பத்தலை’ என்று எழுதுவது, தென்னந்தோப்பில் பாதி மரத்தை மட்டும் எண்ணிவிட்டு மகசூல் குறைவு என்பதைப் போன்றது. இரண்டையும் கலந்து பேசுவதைப் பார்த்தும் பயப்படுகிறார்கள். வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்பவரிடம் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். ‘டயர்டா இருக்கு, லேட் பண்ணாதீய’ என்பார். அவர் குழம்பியா போயிருக்கிறார்? ஆங்கிலச் சொல்லை எடுத்துத் தமிழ் விகுதியைச் சரியான இடத்தில் ஒட்டுவதற்கு இலக்கணம் தெரிய வேண்டும். பிள்ளைக்கு அது தெரிகிறது.

பேச்சுத் தாமதத்துக்கு வருவோம். இங்கேதான் இந்த நம்பிக்கை உண்மையில் ஆபத்தானது. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் பார்த்த ஆய்வுகளிலும், இரண்டு மொழியில் வளர்ந்தவர்கள் ஒரு மொழியில் வளர்ந்தவர்களைவிட மோசமாகவில்லை. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். பிறகு பேச்சுப் பயிற்சியாளரிடம் அழைத்துப்போக வேண்டும். அதைச் செய்யாமல், ‘தமிழை நிறுத்திப் பாருங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க’ என்று அனுப்பினால், திரும்பக் கிடைக்காத ஆறு மாதம் போகிறது. அதோடு, பிள்ளையோடு அதிகம் பேசக்கூடிய ஆளான ஆச்சியின் வாயையும் அடைத்துவிடுகிறோம். பேச்சு குறைந்த பிள்ளைக்குப் பேச்சைக் குறைப்பதா மருந்து?

சரி, வீட்டில் ஆங்கிலம் மட்டும் என்று முடிவு செய்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது? சரளமாக ஆங்கிலம் பேசும் பெற்றோராக இருந்தால் பாதகமில்லை, அவர்கள் விருப்பம். நம் தெருக்களில் பெரும்பாலான வீடுகள் அப்படியில்லை. அம்மாவுக்கு வரும் ஆங்கிலம் கட்டளைகளால் ஆனது: சிட், ஈட், கம், டோண்ட் டச், ஹோம்வொர்க் முடிச்சியா. அந்த ஆங்கிலத்தில் கதை சொல்ல முடியாது. தாமிரபரணியில் ஏன் இந்த மாசம் தண்ணி இல்லை, மணிமுத்தாறு அணையை ஏன் திறக்கிறார்கள், தாத்தா ஏன் நெல்லை விட்டு வாழை போட்டார் என்று பிள்ளை கேட்டால் விளக்க முடியாது. கேள்வி கேட்கும் வயதில், பதில் சொல்லத் தெரிந்த மொழியைப் பெற்றோரே பூட்டிவைக்கிறார்கள். காரணம் சொல்வது, முன்பின் கோர்த்துப் பேசுவது, கேட்ட கதையைத் திருப்பிச் சொல்வது என்று படிப்புக்கு அடித்தளமாகிற எல்லாமே இந்தப் பேச்சில்தான் வளர்கின்றன. ஒரு மொழியில் அவை வளர்ந்துவிட்டால் அடுத்த மொழிக்குக் கடத்த முடியும் என்று ஜிம் கம்மின்ஸ் 1970களின் கடைசியிலிருந்து வாதாடி வருகிறார். எந்த மொழியிலும் வளரவில்லை என்றால் கடத்துவதற்குச் சரக்கே இருக்காது. ஐந்தாம் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு ‘என்ன படிச்ச?’ என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகளை டியூஷன் எடுக்கும் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். இரண்டு மொழியால் வந்த விழிப்பு இல்லை அது. அரை மொழியால் வந்தது.

“ஆனா இங்கிலீஷ் பேசுற வீட்டுப் பிள்ளையதான முன்னுக்கு வருது, அண்ணாச்சி?” என்று ஒரு நண்பர் என்னை மடக்கினார். ஆமாம், வருகின்றன. அந்த வீடுகளில் அப்பா மருத்துவர், அம்மா பேராசிரியை, அலமாரி நிறையப் புத்தகம், பரீட்சைக்கு முன்னால் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆள். அதையெல்லாம் விட்டுவிட்டு மொழியை மட்டும் பிரித்தெடுத்துக் காரணமாகக் காட்டுவது சேயர் 1923இல் செய்த அதே பிழை, திசைதான் மாறியிருக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்பது என் வாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேண்டும், நன்றாகவே வேண்டும். அதைக் கற்றுத்தரச் சம்பளமும் கட்டணமும் வாங்குவது பள்ளி. அந்த வேலையை வீட்டுக்குத் தள்ளிவிட்டு, சில பள்ளிகள் வளாகத்தில் தமிழ் பேசினால் அபராதம் என்று டைரியில் விதியும் அச்சடிக்கின்றன. கற்பிக்க முடியாததைத் தண்டனையால் வாங்கப் பார்ப்பது எந்தக் கல்வியியல் நூலில் இருக்கிறது என்று தெரிந்தால் படிக்க ஆவல்.

பாரதியை இரண்டு கட்சியும் சாட்சிக்கு இழுக்கும். திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்ததைப் பற்றிப் பின்னாளில் கசந்து எழுதியவர்தான் அவர். அதைக் காட்டி ஆங்கிலமே கூடாது என்பார்கள். ஷெல்லிதாசன் என்று புனைபெயர் வைத்துக்கொண்டவரும் அவர்தான். காசியில் இந்தியும் சமஸ்கிருதமும், புதுச்சேரியில் பிரெஞ்சும் படித்தார். அவர் கோபம், சொந்த மண்ணை அறியவிடாமல் செய்த பள்ளியின் மேல். அந்த மனிதரை ஒரு மொழிக்குள் அடைக்க எந்தக் கட்சியாலும் முடியாது. தமிழ், ஆங்கிலம், லத்தீன், பிரெஞ்சு என்று பல மொழியில் புழங்கிய வ.வே.சு. ஐயரும் சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தியவர்தான். அந்தக் குருகுலம் சாப்பாட்டுப் பந்தியில் சாதி பிரித்ததற்காகப் பெரும் சர்ச்சையில் சிக்கியது. பல மொழி தெரிந்தால் மனமும் விரிந்துவிடும் என்று நான் சொல்லாததற்கு அதுவும் ஒரு காரணம்.

தாய்மொழிவழிக் கல்வி வேண்டும் என்கிற என் தோழர்களிடமும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. அவர்கள் சொல்வது சரி. ஆனால் ‘தாய்மொழி’ என்றதும் தமிழ் என்று அவர்களே நிரப்பிக்கொள்கிறார்கள். வீரவநல்லூர்ப் பிள்ளைக்குத் தாய்மொழி சௌராஷ்டிரம். 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க அந்த மொழியைச் சொன்னவர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர். காணிப் பிள்ளை மலையிலிருந்து இறங்கி வந்து முதல் வகுப்பில் உட்காரும்போது, அதன் பேச்சைக் கேட்டு வகுப்பு சிரித்தால், அந்தப் பிள்ளை கற்பது வாயை மூடிக்கொள்ளத்தான். மெட்ரிக் பள்ளியில் தமிழுக்கு நடப்பது தமிழ்ப் பள்ளியில் காணிப் பேச்சுக்கு நடக்கலாமா? தனிப் பாடநூல் அச்சடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. முதல் இரண்டு வருடம் அந்தப் பிள்ளை தன் பேச்சில் பதில் சொன்னால் ஆசிரியர் அதைத் தவறு என்று அடிக்காமல் இருந்தால் போதும். இதையே பிடித்துக்கொண்டு மும்மொழித் திட்டத்துக்கு ஆள் சேர்க்கவும் யாரும் வர வேண்டாம். தெருவில் புழங்குகிற மொழியைப் பிள்ளை விளையாட்டாகப் பிடிக்கும். புழக்கமும் ஆசிரியரும் இல்லாமல் பரீட்சைக்காகத் திணிக்கப்படும் மூன்றாம் மொழி, பிள்ளையின் தலைக்கு மேல் இன்னொரு பாடம். இரண்டும் ஒன்றல்ல.

ஒற்றை மொழி மூடநம்பிக்கை அதிகக் கேடு செய்தது காது கேளாத பிள்ளைகளுக்கு. பாளையங்கோட்டையில் ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் அவர்களுக்காக 1890களில் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. அதற்கு முன்பே, 1880இல், மிலான் நகரில் கூடிய கல்வியாளர்கள், அநேகமாக எல்லோரும் காது கேட்பவர்கள், சைகை மொழி பேச்சைக் கெடுக்கும் என்று சொல்லி அதைப் பள்ளிகளிலிருந்து விலக்கத் தீர்மானம் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்த பள்ளிகளும் உலகத்தில் இருந்தன. சின்ன வயதிலேயே சைகை மொழி கிடைத்த பிள்ளைகள் பிறகு எழுத்து மொழியை நன்றாகக் கற்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் அந்தத் தீர்மானம் காகிதத்தில் இருந்தது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டின் வாரிசுகள் அதை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின. டைரியில் இருக்கும் அபராத விதியை எடுக்க அவ்வளவு காலம் வேண்டாம். வருகிற ஜூனுக்கான டைரி இன்னும் அச்சுக்குப் போயிருக்காது.